பயத்தில் வரிசை போடாதீர்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை, அதாவது படுவான்கரையைச் சேர்ந்த கொக்கட்டிச்சோலையில் போட்டோப்பிரதிக் கடை வைத்திருக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்ததும் படுவான்கரைப் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள்.

முதலில் பெறுபேற்றுத் தாளைப் பாருங்கள். ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தி, உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். தீவு நிலையை, அதாவது நாடு முழுவதிலும் தங்கள் இடம் எத்தனையாவது என்பதைப் பார்த்து அழுதுவிட்டுத் தாளை மடிக்கிறவர்கள் உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் இடங்களே அகில இலங்கைத் தகுதிப்படி போகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பங்கிடப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் அடக்கம். ஆகவே மாவட்ட நிலையையும் பாருங்கள், மகள்.

அடுத்தது விருப்ப வரிசை, அதாவது விரும்பும் பாடநெறிகளை முதலாவது, இரண்டாவது என்று எழுதுவது. இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு பிள்ளைக்குத் தாதியியல் படிக்க ஆசை. முந்திய வருடம் அனுமதி கிடைத்த கடைசிப் புள்ளியான வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து விவசாயத்தை மேலே போட்டாள். விவசாயம் கிடைத்தது. அந்த வருடம் தாதியியலுக்கும் அவளுடைய இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதுமாக இருந்தது. ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். எட்டாதது என்று நினைப்பதை முதலில் எழுதினாலும் நட்டமில்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு அதே புள்ளியோடுதான் போட்டியிடுகிறீர்கள். ஒரே பாடநெறிக்கு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் எண், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வேறோர் எண். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் பார்த்து வீட்டிலேயே தாளில் எழுதி வாருங்கள்.

சங்கீதம், நடனம், நாடகம் என்று கல்லடி விபுலானந்தா நிறுவகத்தை நினைப்பவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. அதன் அறிவித்தலைத் தனியாகத் தேடுங்கள்.

என் அக்கா மகனுக்குப் பார்வை மங்கல். மாற்றுத்திறனாளிகளுக்குக் கைந்நூலில் விசேட ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னேன். "எழுதிக் கொடுத்தால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள்" என்று அக்கா மறைக்கப் பார்த்தாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவனே வந்து, "சின்னம்மா, படிவத்தை எடுங்கள்" என்றான். அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும். பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் பரீட்சை முடிந்த கையோடு கிளினிக்கில் திகதி எடுங்கள். அது சுலபத்தில் கிடைக்காது. முன்பு வாவியைக் கடந்து பட்டணம் போக மண்முனையில் பாதையை (ஆட்களை ஏற்றும் மிதவையை) தவறவிட்டால் அன்றைய பயணமே போயிற்று. 2014இல் பாலம் திறந்தபின் அந்தச் சாட்டும் இல்லை.

அனுப்புமுன் பெயர், அடையாள அட்டை எண், பாடநெறி எண்கள் மூன்றையும் இன்னொருவர் வாய்விட்டு வாசிக்க, நீங்கள் சரிபாருங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். கடைசி நாளில் மட்டும் வராதீர்கள். அன்று இணையமும் நகராது, என் வாயும் நல்லதாக இருக்காது.