கடையில் முதலில் கட்டையைச் சொல்லுங்கள்: கச்சேரி ஏற்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் நவராத்திரி நெருங்கினால், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள இசைக்கருவிக் கடைக்கு ஆலயக் குழுக்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "சனிக்கிழமை கச்சேரி, ஒரு சவுண்ட் செட் வேண்டும்." நானும் அப்படித்தான் போய் நின்றேன். கடைக்கார அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டு, "பாடுகிறவருக்கு எத்தனை கட்டை, தம்பி?" என்று கேட்டார், அதாவது அவர் பாடும் சுருதி எது என்று. எனக்குத் தெரியவில்லை. "மிருதங்கம் அவர்களுடையதா, நாம் ஏற்பாடு செய்வதா?" அதுவும் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்குப் பக்கத்தில், ஒரு கட்டைக்குச் சேர்த்து வைத்திருந்த பெரிய மிருதங்கம் கிடந்தது. வாசிக்க வந்தவர் கல்லால் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனார். ஸ்பீக்கர், மைக் எல்லாம் பிரமாதமாக வேலை செய்தன. கச்சேரிதான் சேரவில்லை.

அன்று முதல் நான் சொல்லிவருவது இதுதான். மேடையில் நாம் காணும் பெரும்பாலான கோளாறுகள், அதற்குப் பல நாள் முன்பே கடையில் நாம் சொல்லாமல் விட்டவை.

கட்டைக் கணக்கு கடினமானதல்ல. ஆர்மோனியத்தில் சி என்பது ஒரு கட்டை, ஜி என்பது ஐந்து கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். தக்கு சுருதிக்கு, அதாவது தாழ்ந்த சுருதிக்கு, 24 அங்குல மிருதங்கம். ஹெச்சு என்னும் உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம். கல்லால் தட்டிச் சற்று ஏற்றி இறக்கலாம். ஒரு கட்டைக்கான கருவியை ஐந்தரைக்கு இழுத்தால் தோல்தான் கிழியும். பாடகரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடக்கூடிய தகவல் இது. ஒரு வாரம் முன்பே கடைக்காரரிடம் சொன்னால், 22 அங்குலம் எந்த ஆசிரியர் வீட்டில் இருக்கிறது, யாரிடம் இரவல் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கடையில் சரக்கு இல்லாவிட்டாலும் அந்த விவரம் இருக்கும்.

அடுத்த தவறு, வாட்ஸ் எண்ணிக்கையைக் கேட்பது. "போன வருடம் 1000 வாட்ஸ், இந்த வருடம் 2000 கொடுங்கள்" என்று கேட்கிறோம், ஒலி இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையில். ஆகாது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரண்டு மடங்கு உரத்துக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று முன்னால் இருக்கும் ஸ்பீக்கரையே முறுக்கினால், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கூட்டத்தின் நடுவில் சிறிய ஸ்பீக்கர் இரண்டைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அவை மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால், மேடை ஒலி அங்கே வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அந்த அளவுக்கு நடு ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். ஆகவே கடைக்காரரிடம் இடத்தின் நீளத்தையும் சொல்ல வேண்டும். குயின் ஸ்திரீட்டில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் ஆலயத்தைச் சுற்றிக் கடைவீடுகளின் சுவர்கள் நெருங்கி நிற்கின்றன. தைப்பூசத்தன்று உறுமி மேளம் போகும் தண்ணீர்மலைச் சாலையோ திறந்த வெளி. இரண்டுக்கும் ஒரே செட் போதாது.

மைக் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கர் ஒலி மைக்கிலேயே திரும்பப் புகுந்து ஊளைச் சத்தம் வந்தவுடன் நாம் திட்டுவது கடைக்காரரைத்தான். ஷூர் எஸ்எம்58 போன்ற பாட்டு மைக் முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். பாடகர் தம் குரலைக் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அந்தப் பின்பக்கத்தை நோக்கித்தான் இருக்க வேண்டும். நம் மேடைகளில் அலங்கார வளைவை மறைக்கிறது, பூக்கூடையை மறைக்கிறது என்று அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுகிறோம். உடனே ஊளை தொடங்குகிறது. மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தாலும் அதன் திசையுணர்வு போய்விடுகிறது. மெல்லிசை பாடும் இளைஞர்கள் பலர் இப்படிப் பிடிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கலாம், கேட்க இல்லை. இன்னொன்று, தேவையில்லாமல் திறந்து கிடக்கும் மைக். திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஊளை வராமல் ஒலியைக் கூட்ட நமக்குக் கிடைக்கும் இடம் 3 டெசிபல் சுருங்குகிறது. வரவேற்புரை மைக்கை உரை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள்.

உட்கார்ந்து வாசிப்பவர்களுக்குக் குட்டை ஸ்டாண்டு வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேண்டு வாத்தியக் குழுவுக்கான உயர ஸ்டாண்டுதான் வரும். அதை மடக்கிக் கயிறு கட்டி நிறுத்துவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். நாதஸ்வரமும் தவிலும் சிறிய மண்டபத்தில் வாசிக்கப்பட்டால் மைக்கே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வைத்தே ஆக வேண்டுமென்றால், நாதஸ்வரத்தின் அகன்ற முனையான அணசுக்கு நேராகத் திணிக்காமல் சற்றுத் தள்ளி, விரல் துளைகளையும் சேர்த்துக் கேட்கும்படி வையுங்கள். அந்தக் கருவியின் ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது.

இனி மின்சாரம். இதில் தவறு நேர்ந்தால் உயிர் போகலாம். இந்தியாவிலிருந்து வாங்கிவரும் சுருதிப் பெட்டிக்கு உருண்டை முனைப் பிளக். நம் நாட்டுச் சுவரில் இருப்பது 13 ஆம்பியர், மூன்று சதுர முனை. மேல் துளையில் பேனாவைச் செருகித் திறந்து, உருண்டை முனையை உள்ளே தள்ளும் பழக்கம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. மேடையில் அதைச் செய்யவே கூடாது. தொடர்பு தளர்ந்து சூடாகும். பாதுகாப்புக்கான ஃபியூஸும் அந்தப் பிளக்கில் கிடையாது. கடையில் கொடுத்தால் சில நிமிடங்களில் சரியான பிளக் மாட்டித் தருவார்கள். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக எர்த் இணைப்பைத் துண்டித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கும், அதோடு, எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் மைக்கைத் தொட்டுக்கொண்டு நிற்பவரைக் காப்பாற்ற இருந்த வழியும் போய்விடும். இரைச்சலுக்கு முதல் மருந்து, மேடைக் கருவிகளையும், மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்சரையும் ஒரே மின்வழியிலிருந்து எடுப்பது. மீதியைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள், இரைச்சலைத் தடுக்கத் தனிப்பெட்டி வைத்திருப்பார். ஒரு 13 ஆம்பியர் முனையிலிருந்து ஏறத்தாழ 3000 வாட்ஸ்தான் எடுக்க முடியும். அதே நீட்டிப்பு ஒயரில் அன்னதானத் தேநீருக்கான தண்ணீர்க் கொதிகலனைச் செருகினால், பல்லவி நடுவில் மேடை இருண்டுவிடும். நவராத்திரி வருவது செப்டம்பர், அக்டோபரில். பினாங்கில் மழை அதிகம் பெய்வதும் அப்போதுதான். ஒயர் இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது.

ஈரம் தோலையும் தொடும். வெளியே ஈரக் காற்றில் தளர்ந்திருக்கும் மிருதங்கத் தோல், குளிரூட்டிய மண்டபத்தின் வறண்ட காற்றில் இறுகிச் சுருதி ஏறும். ஆகவே கலைஞர்களை நேரே மேடைக்கு அழைக்காமல், கருவிகள் ஒரு மணி நேரமாவது அதே மண்டபத்தில் இருக்கும்படி நேரம் ஒதுக்குங்கள். நண்பகல் வெயிலில் காருக்குள் வயலினை விட்டுப் போகாதீர்கள். பசை இளகிப் பலகை பிரியும். இரவல் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டாமல் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த முறை அவர்களுக்கு இரவல் கிடைக்கவில்லை, அது நியாயம்தான்.

ஒலிச் சோதனையைப் பற்றி ஒன்று மட்டும். குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

விலை பற்றியும் சொல்லியாக வேண்டும். வயலின் தந்தியை இணையத்தில் சில வெள்ளி (ரிங்கிட்) குறைவாக வாங்கிவிட்டு, கச்சேரிக்கு முதல் நாள் இரவு அது அறுந்தவுடன் கடைக்கார அண்ணனை எழுப்புகிறோம். அவர் எழுந்து வருவார். ஆண்டு முழுவதும் தந்தியும் நாதஸ்வரச் சீவாளியும் ஒயரும் அங்கே வாங்கினால்தான், அவர் எழுந்து வரும்போது அலமாரியில் மாற்றுத் தந்தி இருக்கும்.

மறுநாள் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒயர்களை முழங்கையில் இறுகச் சுற்றாதீர்கள். உள்ளே செம்புக் கம்பி முறுக்கி அறும். பெரிய வளையங்களாகத் தளரச் சுற்றுங்கள். மேடையில் எந்த ஒயராவது கரகரத்திருந்தால் அதன் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, கடைக்காரர் கையில் தனியாகக் கொடுத்து, "இது வேலை செய்யவில்லை, அண்ணா" என்று சொல்லுங்கள்.