அக்கானியை ருசித்துக் குடிக்க

மற்ற ஊர்களில் பதநீர் என்பதை எங்கள் குமரி மாவட்டத்தில் அக்கானி என்போம். மாசி, பங்குனி, சித்திரையில் நாகர்கோவில் பக்கம் வருபவர்கள் இதைக் குடிக்காமல் போகாதீர்கள்.

காலையில் வாங்குங்கள். சாறு வடிய பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் பனஞ்சாறு புளிக்காமல் அக்கானியாக இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் வெயில் ஏறும்போதே நுரைத்துப் புளிப்புத் தட்டும், கூடினால் தொண்டை கரகரக்கும். அளவாக இருப்பதுதான் பனையேறுபவரின் கைப்பக்குவம். அதற்கே தனி மரியாதை தரவேண்டும்.

வாங்கியதும் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள், அப்புறம் ஒரு வாய் குடித்து நாக்கில் சற்று நிறுத்துங்கள். நல்ல அக்கானியில் இனிப்போடு பனைக்கே உரிய மணம் வரும். குடித்து முடித்த பிறகும் இனிப்பு நாக்கிலேயே ஒட்டி, லேசாகக் கசந்தால் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு கலந்திருக்கலாம். அங்கே மறுபடி வாங்க வேண்டாம்.

ஐஸ் போடாதீர்கள், மணம் அமுங்கிவிடும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, இளநுங்கைப் பிய்த்துப் போட்டுக் குடித்தால் அந்தச் சுவையே தனி.

வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் பாட்டிலை இறுக மூடாதீர்கள். புளிக்கத் தொடங்கினால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். போனதும் காய்ச்சிவிடுங்கள்.