கறுப்புக் கார் பானெட்டில் செம்பனை மரங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணங்களுக்கு ஆடம்பர ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு விடும் நண்பருக்காக ஒரு விளம்பரம் எடுத்தோம். தோட்டத்துச் சாலை, கறுப்புக் கார். திரையில் பார்த்தால் கார் எங்கே? பானெட் (இன்ஜின் மூடி) முழுக்கச் செம்பனை மட்டைகளின் பிரதிபலிப்புதான்.

லென்ஸ் முன்னால் மாட்டி, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசிங் ஃபில்டரைச் சுழற்றினேன். பானெட் சுத்தமானது; ஆனால் பக்கக் கண்ணாடியில் வானவில் திட்டுகள் கிளம்பிவிட்டன. கெட்டிப்படுத்திய கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கத்தை அந்த ஃபில்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கோணத்தில் இரண்டும் சரியாக வரவில்லை.

அப்புறம்தான் கேமரா முக்காலியை அசையாமல் நிறுத்தி, எக்ஸ்போஷர், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டி, இரண்டு முறை எடுத்தேன். ஒன்று பானெட்டுக்கு, இன்னொன்று கண்ணாடிக்கு. நடுவில் ஃபில்டரை மட்டும் திருப்பினேன். மேகம் நகர்வதற்குள் முடிக்க வேண்டும், அதுதான் பாடு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, எந்தப் பகுதி எந்தக் காட்சியிலிருந்து தெரிய வேண்டும் என்று பிரிக்கும் மாஸ்க்கை பானெட் விளிம்பில் வரைந்து, ஓரத்தை மென்மையாக்கினேன். பிரதிபலிப்பை முழுதாக அழித்தால் கார் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். கூரையில் ஒரு கோடு வெளிச்சத்தை விட்டுவைத்தேன்.

ஓடும் காட்சிக்கு இந்த வித்தை உதவாது. அதற்கு நொடிக்கு 25 பிரேம், 1/50 நொடி ஷட்டர், காரின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், அவ்வளவுதான். லாரி போகும்போதெல்லாம் செம்மண் தூசி வேறு. துணியும் கையுமாக என் தம்பி காரையே சுற்றிக்கொண்டிருந்தான்.