கார் ஏசியில் மின்கோளாறு தேடும்போது நேரும் தவறுகள்

ஏசி போட்டால் காற்று வருகிறது, குளிர் இல்லை, கம்ப்ரஸர் கிளட்ச் (இன்ஜின் பெல்ட் சுற்றும் புல்லியைக் கம்ப்ரஸரோடு இணைக்கும் மின்காந்தத் தட்டு) ஒட்டவில்லை. உடனே கேஸ் ஏற்றுவது, இல்லையென்றால் பேட்டரியிலிருந்து கிளட்சுக்கு டைரக்ட் கொடுத்துப் பார்ப்பது பலரின் வழக்கம். கோளாறு இருக்கும் இடத்தை இரண்டுமே காட்டாது. கிளட்சுக்கு மின்சாரம் வர வழியில்லையா, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறதா? முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

கேஸ் பிரஷர் மிகக் குறைந்தாலும் மிக ஏறினாலும், இன்ஜின் சூடு எல்லை தாண்டினாலும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும், எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உறைநிலையை நெருங்கினாலும் ஈசியு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து ஏசி ரிக்வெஸ்ட் (ஏசி கேட்கப்படுகிறதா), கம்ப்ரஸர் ரிலே கமாண்ட் (ஈசியு கம்ப்ரஸரை ஓடச் சொல்கிறதா), கேஸ் பிரஷர் ஆகிய மூன்றையும் பாருங்கள். ரிக்வெஸ்ட் ஆன், கமாண்ட் ஆஃப் என்றால் கிளட்ச் வயரைத் தடவிப் பயனில்லை. ஈசியு ஏன் மறுக்கிறது என்று தேட வேண்டும். கமாண்டும் ஆன் ஆகியும் கிளட்ச் ஒட்டவில்லை என்றால்தான் ஃபியூஸ், ரிலே, வயர், காயில், எர்த் பக்கம் போக வேண்டும்.

கேஸ் பிரஷர் சரியில்லை என்றால் கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சை வயர் வைத்து இணைத்துவிடுவது எல்லாவற்றிலும் கொடிய பழக்கம். கம்ப்ரஸருக்குள் உள்ள ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் கசிந்து தீர்ந்த சிஸ்டத்தில் கம்ப்ரஸரை வலுக்கட்டாயமாக ஓட்டினால் ஆயில் திரும்பி வராமல் உள்ளே தேய்ந்து பிடித்துக்கொள்ளும். கேஜ் மாட்டிக் கேஸ் இருப்பதை உறுதி செய்த பிறகு, பழைய இரண்டு வயர் ஸ்விட்ச் என்றால் மட்டும், சில விநாடி இணைத்துச் சோதிக்கலாம். ஆர்134ஏ என்ற கேஸ் உள்ள சிஸ்டம், இன்ஜின் பல மணி நேரம் நின்றிருக்கிறது, வெப்பம் 30 டிகிரி என்றால் கேஜ் சுமார் 95 பிஎஸ்ஐ காட்டும். ஆனால் இந்த எண்ணைப் பார்த்துக் கேஸ் நிறைவாக இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. சிஸ்டத்தில் கொஞ்சம் திரவ நிலைக் கேஸ் மிஞ்சியிருந்தாலே இதே பிரஷர்தான் காட்டும்.

ஸ்விட்சுக்குப் பதிலாகக் கேஸ் பிரஷரை அளக்கும் மூன்று வயர் சென்சாரில் எதையும் இணைக்கவே கூடாது. அதில் ஒன்று ஈசியு கொடுக்கும் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சிக்னல் பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் இருக்கும். 5 வோல்ட் வயரில் 12 வோல்ட் பட்டால் ஈசியு போய்விடலாம். பல்பு போட்ட டெஸ்ட் லேம்பையும் அங்கே வைக்காதீர்கள், டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் போதும். 5 வோல்ட் வரவில்லை என்றால் சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். கழற்றியதும் வந்துவிட்டால் சென்சாருக்குள்ளேயே ஷார்ட்.

அடுத்தது மல்டிமீட்டரே ஏமாற்றும் இடம். கிளட்ச் கனெக்டரைக் கழற்றி அளந்தால் 12.6 வோல்ட் இருக்கும். "கரண்ட் வருது, காயில்தான் போச்சு" என்று கம்ப்ரஸரை இறக்கிவிடுவார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், சுமை இல்லாதபோது மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். கனெக்டர் மாட்டியபடி, இன்ஜின் ஓட, ஏசி ஆனில் இருக்க, கனெக்டரின் பின்பக்கமாக முனையை நுழைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் காயிலில் 13.5-க்குக் குறையக் கூடாது. காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு.

கிளட்ச் காயில் பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் இருக்கும். 4 ஓம் காயிலில் 14 வோல்ட்டுக்கு 3.5 ஆம்பியர் ஓடும். கனெக்டரில் பச்சை பூத்து 1 ஓம் தடை சேர்ந்தால் அது 2.8 ஆம்பியராகிவிடும். காந்த இழுவை கரண்டின் வர்க்கத்தை ஒட்டிக் குறைவதால், இழுக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

காலையில் நன்றாக ஓடி, அரை மணி கழித்து நின்றுவிடும் ஏசியைக் குளிர்ந்த நிலையில் சோதிப்பது வீண். சூடு 80 டிகிரி ஏறினால் செப்புக் காயிலின் தடை 30 சதவீதம் வரை கூடும். நின்றுபோன அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். காயிலுக்கு முழு வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள் (இன்ஜினை நிறுத்திவிட்டு). 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. தேய்ந்து கூடியிருந்தால் பல கம்ப்ரஸர்களில் ஒரு ஷிம்மை (மெல்லிய வாஷர்) எடுத்தாலே சரியாகிவிடும்.

ஃபியூஸ் போனால் பெரிய ஆம்பியர் போடாதீர்கள், ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பை இணைத்து, கிளட்ச் கனெக்டரைக் கழற்றுங்கள். பல்பு அணைந்தால் ஷார்ட் காயிலிலோ அதன் டயோடிலோ (காயில் அணையும்போது எழும் அதிக வோல்ட்டை அடக்கும் சிறு பாகம்) இருக்கிறது. அணையாவிட்டால் வயர் எங்கோ உரசியிருக்கிறது. டயோடைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிளட்சே இல்லாத கம்ப்ரஸர்களும் உண்டு. அவற்றில் புல்லி எப்போதும் சுற்றும், "டக்" சத்தம் வராது. அதைக் கோளாறாக நினைக்க வேண்டாம். குளிரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் வால்வுக்கு விட்டு விட்டு வரும் துடிப்பு மின்சாரம் என்பதால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். மின்துடிப்பை வரைபடமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில்தான் உண்மை தெரியும்.

புளோயர் (காற்றை ஊதும் ஃபேன்) அதிகபட்ச ஸ்பீடில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைக்கும் ரெஸிஸ்டர் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் மறுபடி எரியலாம். அதைக் குளிர்விப்பது புளோயர் காற்றுதான். அடைத்த கேபின் ஃபில்டரையும், இறுகிச் சுற்றும் மோட்டாரையும், உருகிய கனெக்டரையும் சேர்த்துப் பாருங்கள். வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிராத ஏசியில் முதலில் கண்டென்சர் ஃபேனைச் (முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியேற்றும் ஃபேன்) சோதியுங்கள்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள் போகும் கம்ப்ரஸரில் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் கேபிள் அது. பயிற்சி பெற்றவர் மின்இணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும். அதில் தயாரிப்பாளர் சொன்ன ஆயில் தவிர மற்ற கார் ஏசிகளில் போடும் சாதாரண பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் கம்ப்ரஸர் மோட்டார் காயிலின் இன்சுலேஷன் கெட்டு, கரண்ட் பாடிக்குக் கசியும். அப்போது ஏசி மட்டுமல்ல, வண்டியே கிளம்ப மறுக்கலாம்.