கையடக்கக் கன்சோலில் கேம்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையடக்கக் கன்சோலை வாங்கிய முதல் வாரத்தில், ஆடிய ஒவ்வொரு கேமைப் பற்றியும் ஒரு வரி எழுதி வைப்பதென்று குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினேன். "எழுத்தே தெரியவில்லை, சுமார்" என்பது முதல் வரி. "குறி வைக்க முடியவில்லை, வேண்டாம்" என்பது இரண்டாவது. "ஒரு மணி நேரமாகியும் கதை தொடங்கவில்லை" என்பது மூன்றாவது. சில மாதங்கள் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, முதல் வரி திரையைப் பற்றியது என்றும், இரண்டாவது வரி நான் திறந்துகூடப் பார்க்காத ஒரு செட்டிங்கைப் பற்றியது என்றும் புரிந்தது. புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை; கருவியின் மேலும் நம் அவசரத்தின் மேலும் இருக்கும் குறையைத் தூக்கிக் கேமின் தலையில் கட்டிவிடுகிறோம்.

திரையிலிருந்தே தொடங்கலாம். 2017 மார்ச்சில் வெளிவந்த நின்டெண்டோ சுவிட்சின் திரை 6.2 அங்குலம், 720பி (மேலிருந்து கீழாக 720 பிக்சல் வரிசைகள்); 2022இல் வந்த ஸ்டீம் டெக்கின் திரை 7 அங்குலம், 1280க்கு 800 பிக்சல். ஆனால் இவற்றில் ஓடும் கேம்களில் பல, பெரிய டிவியையோ கணினித் திரையையோ மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. வாங்குவதற்கு முன் நாம் பார்க்கும் முன்னோட்டக் காணொளிகளும் பெரும்பாலும் டிவியில் இணைத்து ஓட்டியபோது பதிவு செய்யப்பட்டவையே. 2015இல் வெளியான 'தி விட்சர் 3' 2019இல் சுவிட்சுக்கு வந்தபோது, கையில் வைத்து ஆடும் நிலையில் அதன் படத்தின் கூர்மை அதிகபட்சம் 540பி என்ற அளவில்தான் இருந்தது. அவ்வளவு பெரிய உலகம் அந்தச் சிறு கருவிக்குள் அடங்கியதே ஒரு சாதனை என்பது என் கருத்து. ஆனால் டிவிக் காணொளியைப் பார்த்துவிட்டு வாங்குபவருக்கு அது ஏமாற்றமாகத்தான் தெரியும். ஆகவே, கையில் பிடித்து ஆடும் நிலையில் பதிவு செய்த காணொளியைத் தேடிப் பார்க்காமல் எந்தப் பெரிய கேமையும் வாங்கக் கூடாது. வாங்கிய பிறகு எழுத்து சிறியதாகத் தெரிந்தால், கேமின் செட்டிங்கில் எழுத்தின் அளவை மாற்ற வழியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் இல்லையென்றால் கருவியிலேயே வழி இருக்கிறது: சுவிட்சின் சிஸ்டம் செட்டிங்கில் ஜூம் வசதியை இயக்கிவிட்டால், ஹோம் பட்டனை இருமுறை தட்டித் திரையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஸ்டீம் டெக்கில் ஸ்டீம் பட்டனையும் எல்1 பட்டனையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி வரும். என் குறிப்பேட்டின் முதல் வரியை அடிக்க வைத்தது இதுதான்.

இரண்டாவது தவறு கட்டுப்பாடுகளைச் சார்ந்தது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கையடக்கக் கருவியில் கட்டைவிரலால் தள்ளித் திருப்பும் அனலாக் குச்சி சிறியது. அது நகரும் தூரமும் குறைவு என்பதால், பெரிய கன்ட்ரோலரில் பழகிய கட்டைவிரல் எப்போதும் இலக்கைத் தாண்டியே போய் நிற்கும். இதற்கு மாற்றாகத்தான் கருவியையே மெல்லச் சாய்த்துக் குறி வைக்கும் ஜைரோ வசதி இருக்கிறது. 'ஸ்பிளாட்டூன் 2' போன்ற கேம்கள் இந்த வசதியை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. புதியவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் படம் ஆடுவதைக் கண்டு எரிச்சலடைந்து அதை அணைத்துவிட்டு, பிறகு குச்சியோடு மட்டும் போராடித் தோற்கிறார்கள். குச்சியைப் பார்வையைப் பெரிதாகத் திருப்புவதற்கும், சாய்வைக் கடைசி நூலளவுத் திருத்தத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது கைக்கு விளங்க எனக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆயின. அதன் பிறகு குச்சியை மட்டும் வைத்துக் குறி வைப்பது, கையுறை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதைப் போலத் தோன்றியது. இன்னொரு சிறிய விஷயமும் உண்டு. நின்டெண்டோ கருவிகளில் ஏ பட்டன் வலப்பக்கமும் பி பட்டன் கீழேயும் இருக்கும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் ஸ்டீம் டெக்கிலும் ஏ கீழே, பி வலப்பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர், 'உறுதி செய்' என்று நினைத்து 'ரத்து செய்' பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார். அந்த எரிச்சல் எவ்வளவு எளிதாகக் கேமின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும் என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

நேரத்தைப் பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. இத்தகைய கருவியைப் பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடத் துண்டுகளாகவே பயன்படுத்துகிறோம். 'ஸ்லே தி ஸ்பயர்', 'இன்டு தி பிரீச்' போன்றவை அந்தத் துண்டுகளுக்கென்றே வெட்டி வைத்ததுபோல் பொருந்துகின்றன. எந்தச் சண்டையின் முடிவிலும் மூடி வைத்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் அதே தெளிவோடு தொடரலாம். ஒரு பாத்திரமாக இருந்து கதையை நகர்த்தும் நீண்ட ஆர்பிஜி கேம்களோ, முதல் சில மணி நேரத்தை ஊரையும் மனிதர்களையும் அறிமுகப்படுத்துவதிலேயே செலவிடும். அதைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கி ஒரு வாரத்தில் தின்றுவிட்டு "சலிப்பாக இருக்கிறது" என்பது, தொடர்கதையில் தினம் ஒரு பத்தி மட்டும் படித்துவிட்டுக் குறை சொல்வதற்கு ஒப்பாகும். அந்த வகைக் கேமுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்கிய பிறகே கருத்துச் சொல்ல வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், அந்தக் கேமை வாங்காமல் இருப்பதே மேல்.

துண்டு துண்டாக ஆடுபவர்கள் ஸ்லீப் மோடை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டனை ஒருமுறை அழுத்தினால் கேம் அப்படியே உறைந்து நிற்பதால், சேவ் செய்யும் பழக்கமே போய்விடுகிறது. பண்ணை வாழ்க்கைக் கேமான 'ஸ்டார்டியூ வேலி'யில் ஒரு நாள் என்பது நிஜத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். பாத்திரம் படுக்கையில் போய்ப் படுத்தால்தான் அந்த நாள் சேவ் ஆகும். ஒருமுறை கோடைக்கால நாளொன்றில், நெடுநேரம் போராடி மலையேரியில் ஸ்டர்ஜன் மீனைப் பிடித்துவிட்டு, மகிழ்ச்சியோடு கருவியை உறங்க வைத்துப் பையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது சார்ஜ் முழுவதும் இறங்கி அணைந்திருந்தது. மீண்டும் திறந்தபோது அதே நாளின் காலை ஆறு மணி, கையில் வெறும் தூண்டில். போனது 14 நிமிடம்தான் என்பதால் சிரித்துக்கொண்டேன். சேவ் செய்யும் இடம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்றிருக்கும் கேமில் இது நடந்திருந்தால், அந்தக் கேமைப் பற்றி என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சேவ் பற்றிப் பலர் அறியாத இன்னொன்று: சுவிட்சில் கேமை மெமரி கார்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சேவ் கோப்புகள் கருவியின் உள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கருவி தொலைந்தால் கார்டு கைவசம் இருந்தும் பயனில்லை. கிளவுடில் நகல் வைக்கச் சந்தா வேண்டும். சந்தா கட்டினாலும் 'ஸ்பிளாட்டூன் 2' போன்ற சில கேம்களுக்கு அந்த வசதி கிடையாது. வாங்கும் முன் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் இதைச் சரிபார்ப்பது நல்லது.

இடவசதி குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. முதல் சுவிட்சின் உள் நினைவகம் 32 ஜிபி, 2021இல் வந்த ஓஎல்இடி மாடலில் 64, 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2இல் 256. சுவிட்ச் 2க்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டு வேண்டும். பழைய கார்டை அதில் செருகிக் கேம்களை ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது. அதே கருவிக்கு வரும் 'கேம் கீ' கார்டுகளில் கேமே இருக்காது, திறவுகோல் மட்டுமே இருக்கும்; டவுன்லோடு செய்துதான் ஆட வேண்டும் என்பதால், பெட்டியின் மேல் உள்ள குறிப்பைப் படிக்காமல் வாங்கினால் பயணத்தின் நடுவே விழிக்க நேரும்.

பிறருடைய கருத்தைப் படிக்கும்போது, அவர் எந்தக் கருவியில் ஆடினார் என்பதைக் கவனிக்கத் தவறக் கூடாது. 2019இல் வந்த சுவிட்ச் லைட்டை டிவியில் இணைக்க முடியாது, அதன் கன்ட்ரோலர்களைக் கழற்றவும் முடியாது. ஜாய்கான்கள் எனப்படும், சுவிட்சின் இரு பக்கமும் மாட்டும் சிறு கன்ட்ரோலர்களைக் கழற்றிப் பிடிக்கச் சொல்லும் 'சூப்பர் மாரியோ பார்ட்டி' போன்ற கேமை அதில் ஆட, ஜாய்கான்களைத் தனியாக வாங்க வேண்டும். ஸ்டீம் டெக்கில் ஒரு கேமுக்கு 'வெரிஃபைடு' என்ற பச்சைக் குறி இருந்தால், கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றன, எழுத்து படிக்கும்படி இருக்கிறது என்பவை போன்ற பொருத்தத்தையே அது குறிக்கிறது. கேம் நன்றாக இருக்கும் என்ற சான்றிதழாக அதைப் படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவு ஐயங்களையும் காசு கொடுக்காமல் தீர்த்துக்கொள்ள, கேமின் ஒரு பகுதியை இலவசமாக ஆட விடும் டெமோ இருக்கிறது. அதைத் தொடாமல் தள்ளுபடி நாளில் ஒரே மூச்சில் பத்துக் கேம்களை வாங்கிக் குவிப்பதை என்னவென்று சொல்வது? 2018இல் சுவிட்சுக்கு வந்த 'ஆக்டோபாத் டிராவலர்' டெமோ மூன்று மணி நேரம் ஆட விட்டது. அதில் சேவ் செய்த இடத்திலிருந்தே முழுக் கேமிலும் அப்படியே தொடர முடிந்தது. ஸ்டீம் டெக்கின் கேம் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கணினி மேசையில் கழிக்காமல், கையடக்கக் கருவியிலேயே, வழக்கமாக ஆடும் நாற்காலியிலோ படுக்கையிலோ கழித்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

குறிப்பேட்டின் மூன்றாவது வரிக்கும் அந்த நியாயத்தைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு முழு மாலைகள், முழு சார்ஜ், பெரிதாக்கிய எழுத்து, குறுக்கீடு ஏதுமில்லை. கதை நான்காவது மணி நேரத்தில் தொடங்கியது. அது தொடங்காமலேயே இருந்திருக்கலாம். அந்த வரியை மட்டும் நான் அடிக்கவில்லை.