நாடாப்புழுவின் உடலமைப்பை நுண்ணோக்கியில் படிக்கும் முறை

சாயமேற்றிய டீனியா பேரின நாடாப்புழுவின் தலை, முதிர்ந்த கண்டம் (நாடாவாகத் தொடரும் உடல் துண்டுகளில் ஒன்று), முட்டை நிறைந்த கண்டம் ஆகிய மூன்று ஸ்லைடுகள் இருந்தால், முதன்முறை பார்ப்பவரும் இதன் உடலமைப்பைப் புரிந்துகொள்ளலாம்.

படி 1: தலை
குறைந்த உருப்பெருக்கத்திலேயே கிண்ணம் போன்ற நான்கு உறிஞ்சிகள் தெரியும். நுனியில் இரு வரிசைக் கொக்கிகள் இருந்தால் அது டீனியா சோலியம் (பன்றி நாடாப்புழு). டீனியா சாஜினேட்டாவுக்கு (மாட்டு நாடாப்புழு) கொக்கிகள் கிடையாது. வாயைத் தேட வேண்டாம், ஏனெனில் வாயும் குடலும் இல்லாத இப்புழு உடல் மேற்பரப்பாலேயே உணவை உறிஞ்சுகிறது.

படி 2: கழுத்து
புதிய கண்டங்கள் கழுத்தில்தான் தோன்றுகின்றன. ஆகவே வால் பக்கம் போகப் போகக் கண்டங்களின் வயது கூடும்.

படி 3: முதிர்ந்த கண்டம்
அதிக நேரம் செலவிட வேண்டிய ஸ்லைடு இதுதான். ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே கண்டத்தில் நெருக்கமாக இருப்பதால், எங்கிருந்து தொடங்குவது என்ற குழப்பம் எழும். பக்கவாட்டு விளிம்பில் சிறிய மேடுபோல் புடைத்திருக்கும் இனப்பெருக்கத் துளையிலிருந்து தொடங்குவதே நல்லது. அங்கிருந்து உள்நோக்கிச் செல்லும் இரண்டு குழாய்களில் முன்னால் இருப்பது சிர்ரஸ் (ஆண் புணர்ச்சி உறுப்பு) பையுடன் கூடிய விந்து நாளம், அதற்குப் பின்னால் இருப்பது யோனிக் குழாய். கண்டமெங்கும் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பவை விந்தகங்கள். பின் விளிம்பை ஒட்டி அண்டகத்தின் இரு பெரிய மடல்கள் விரிந்திருக்கும். டீனியா சோலியத்தில் துளையின் பக்கமாக மூன்றாவதாக ஒரு சிறு மடலும் உண்டு. அண்டகத்துக்கும் பின்னால் மஞ்சள்கருச் சுரப்பி இருப்பதால், கண்டத்தின் பின்பக்கம் எது என்பதில் ஐயம் வராது. நடுவில் நேர்க்கோடாக நிற்பது கருப்பை. இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் கழிவுநீக்கக் குழாய்களைக் கருப்பை என்று எண்ணிவிடக் கூடாது.

படி 4: முட்டை நிறைந்த கண்டம்
இங்கே விந்தகங்களும் அண்டகமும் சிதைந்து, கிளைவிட்ட கருப்பையே இடத்தை நிரப்பியிருக்கும். நடுத்தண்டில் ஒரு பக்கத்திலிருந்து புறப்படும் முதன்மைக் கிளைகளை மட்டும் எண்ணுங்கள். நுனியில் பிரியும் சிறு கிளைகளைச் சேர்த்தால் கணக்குத் தவறிவிடும். டீனியா சோலியத்தில் பொதுவாக 7 முதல் 13 வரையும், டீனியா சாஜினேட்டாவில் பெரும்பாலும் 15க்கு மேலும் இருக்கும். எண்ணிக்கை இரண்டுக்கும் இடைப்பட்டு வந்தால், தலையையும் அண்டக மடல்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள். முட்டைகளைப் பார்த்து இனத்தைப் பிரிக்க இயலாது. இரண்டிலும் தடித்த ஓட்டுக்குள் ஆறு கொக்கிகள் கொண்ட கருவே இருக்கும்.

ஸ்லைடுக்குப் பதிலாகப் புதிய கண்டம் கிடைத்தால் கையுறையின்றித் தொடாதீர்கள். டீனியா சோலியத்தின் முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால், அதன் இளம்பருவம் தசையிலும் மூளையிலும்கூடத் தங்கிவிடும்.