பிக்கப் டிரக்குக்கு ஆல்-டெரெய்னா, வின்டர் டயரா? கனடாவின் முதல் குளிர்காலத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் முறை

ஒன்டாரியோவின் பேரி நகருக்கு வடக்கே, நெடுஞ்சாலை 11-லிருந்து இறங்கும் ஒரு கிராமத்துச் சாலை. ஜனவரி காலை. பின்பக்கத் தொட்டி காலி. சேறு, சரளை, தார் என எல்லாத் தரைக்குமான தடித்த ஆல்-டெரெய்ன் டயர்கள், நான்கு சக்கர இயக்கம் வேறு. பனியில் வண்டி சிங்கம்போலப் புறப்பட்டது. நிறுத்தப் பலகைக்கு 50 மீட்டர் முன்பே பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது; வண்டி நிற்காமல் சந்திப்பின் நடுவரை வழுக்கிக்கொண்டு போனது. குறுக்கே யாரும் வராததால்தான் தப்பித்தேன்.

நான்கு சக்கர இயக்கம் புறப்படுவதற்குத்தான் உதவும். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்தில்தான் பிடிக்கிறது. நிற்பதும் திரும்புவதும் டயரின் ரப்பர் கையில். புதிதாகப் பிக்கப் வாங்கும் நம்மவர்கள் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஜனவரியில் உங்கள் வண்டி எங்கே ஓடும்?

டயர் கடைக்குப் போகும் முன் இதற்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலை 400-இல் வேலைக்குப் போகிறீர்களா? கட்டுமானத் தளத்தின் சேற்றிலும் சரளையிலும் உழல்கிறீர்களா? உப்புத் தூவிய நகரச் சாலைதானா, அல்லது பனி இறுகிக் கண்ணாடியாகிப் போன கிராமப் பாதையா? டயரின் முரட்டு முகத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தவர்கள்.

இரண்டாவது படி: கதவோரத்து ஸ்டிக்கர்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில்தான் உள்ளன. ஃபோர்டு எஃப்-150 வண்டிகள் பலவற்றில் இருக்கும் 275/65 ஆர் 18 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 275 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். 18 என்பது அங்குலத்தில் ரிம். அதன் பின்னால் 116 என்று இருந்தால் ஒரு டயர் 1,250 கிலோ வரை தாங்கும் என்று பொருள்.

அளவுக்கு முன்னால் 'எல்டி' என்ற எழுத்துகள் இருந்தால் அது பாரவண்டி வகை டயர். கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் தொட்டி நிறையச் சாமான் ஏற்றுபவர்களுக்கும் அதுதான் சரி. அதிலும் 'இ' தரம் என்றால் பக்கச்சுவர் மிகக் கெட்டி. காலி வண்டியில் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். இன்னொன்று: அதே அளவு கார் வகை டயர் தாங்கும் பாரத்தை எல்டி டயர் தாங்க வேண்டுமானால் அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே அடிக்கச் சொல்லிவிட்டு வராதீர்கள். பார அட்டவணையைப் பார்த்துச் சொல்லும்படி கடையில் கேளுங்கள்.

மூன்றாவது படி: மலைக்குள் பனிப்பூ

பக்கச்சுவரில் 'எம்+எஸ்' (மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும்) என்று இருப்பதை நம்பிப் பனியில் இறங்காதீர்கள். அது டயர் சாலையைத் தொடும் பரப்பிலுள்ள பட்டன்களின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளர் போடும் குறி. அதற்குப் பனிச் சோதனை எதுவும் இல்லை. (டிரெட் என்று இங்கே சொல்வதைத்தான் நாமக்கல் லாரிக்காரர்கள் பட்டன் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.) தேட வேண்டியது, மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த சின்னம். இறுகிய பனியில் ஓடவிட்டு, ஒப்பீட்டு டயரைவிடக் கூடுதல் பிடிப்பு இருந்தால்தான் அதைப் பொறிக்கலாம்.

ஆனால் அந்தச் சோதனை அளப்பது புறப்படும் இழுவையை. உறைந்த சாலையில் நிற்பதை அது அளப்பதில்லை. பிஎஃப்குட்ரிச் கேஓ2, ஃபால்கன் வைல்ட்பீக் ஏடி3டபிள்யூ போன்ற ஆல்-டெரெய்ன் டயர்களிலும் இந்தச் சின்னம் உண்டு. நான் வழுக்கிய அன்று என் டயரிலும் இருந்தது.

நான்காவது படி: விரலால் அழுத்திப் பாருங்கள்

மைனஸ் 12 டிகிரியில் இரண்டு வகை டயரையும் வாசலில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பார்த்தேன். ஆல்-டெரெய்ன் பட்டனில் கட்டைவிரலை ஊன்றினால் மரக்கட்டை மாதிரி இருந்தது. வின்டர் டயரின் பட்டன் நகத்துக்கு இடம் கொடுத்தது. பக்கவாட்டில் தள்ளியபோது அதிலிருந்த மெல்லிய கீறல்கள் புத்தகத் தாள்போல விரிந்தன. உறைந்த சாலையின் மேல் படலமாய் நிற்கும் நீரை வழித்து விலக்குவதும், ஓரங்களால் பனிக்கட்டியைப் பற்றுவதும் அந்தக் கீறல்கள்தான். ஆல்-டெரெய்ன் பட்டன் கல் குத்திக் கிழியாமல் இருக்க வேண்டுமே, அதனால் அது பெரிதாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போகும்போது வின்டர் ரப்பரின் மென்மை உதவத் தொடங்கும். கோடையில் அதே மென்மையால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஐந்தாவது படி: முடிவெடுங்கள்

ரிம்மோடு இரண்டு செட் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: கோடைக்கு ஆல்-டெரெய்ன், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வின்டர். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேய்வதில்லை. செலவு பார்ப்பதற்குத் தெரியும் அளவு பெரிதல்ல. உலகின் முதல் வின்டர் டயரை 1934-இல் பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் செய்ததே லாரிகளுக்காகத்தான். இன்று பிக்கப்புக்கென்றே அவர்களிடம் ஹக்காபெலிட்டா எல்டி3 இருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோனில் பிளிசாக் டிஎம்-வி2.

ஒரே செட்தான் முடியும் என்றால், சேறும் சரளையும் உங்கள் அன்றாடமாக இருந்தால் மட்டும் பனிப்பூ பொறித்த ஆல்-டெரெய்ன் வாங்கி, நிற்கும் தூரத்தை எப்போதும் கூட்டிக் கணக்கிடுங்கள். மற்றவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளைப் பின் இருக்கையில் ஏற்றிப் போகிறவர்கள், ஆல்-டெரெய்னை மட்டும் நம்பிக் குளிர்காலத்தைக் கடக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சட்டமும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிப்பூச் சின்னம் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை எம்+எஸ் குறியோ பனிப்பூவோ இருக்க வேண்டும். பட்டன் ஆழம் குறைந்தது 3.5 மி.மீ. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் வின்டர் டயர் போட்டால் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ஆறாவது படி: மாட்டும்போது

நான்கையும் மாற்றுங்கள். பின்னால் மட்டும் இரண்டு போட்டால் முன்சக்கரம் திரும்ப மறுக்கும். முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் சுழலும். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்: 3224 என்றால் 2024-இன் 32-ஆவது வாரம். வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் காற்றும் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும், ஆகவே குளிர் இறங்கியதும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில் அளந்து நிரப்புங்கள்.

தொட்டி காலியாக ஓடும் வண்டிக்குப் பின் அச்சின் நேர்மேலே மணல் மூட்டைகள் வைத்து, நகராதபடி கட்டுங்கள். கடைசிக் கதவோரம் வேண்டாம். சக்கரம் புதைந்தால் அதே மணலை அடியில் தூவலாம். மாட்டிய பிறகு 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ஸ்பானரால் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.